வடிவமைப்புக் கல்லூரிக்கு நம் பிள்ளைகள் எதை எடுத்துச் செல்வது?

(நமது ஜமாஅத் கல்விக் குழு நடத்திய மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில், குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேசையின் மீது பதினொரு தாள்கள் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறீர்கள். அவை மளிகைக் கடை ரசீதுகளின் பின்புறத்தில் பேனாவால் வரையப்பட்டவை. இரண்டில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. ஒன்றில் மழைநீர் பட்டு மை கரைந்து ஓடியிருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் குப்பை என்றே எவரும் எண்ணுவர். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினோம். அந்தத் தவறிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, டிசைன் படிக்க விரும்புவதாகக் கல்விக் குழுவை நாடி வந்தார். அவருடைய அத்தா ஏரிக்கரையில் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டு விற்பவர். நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து, ஐந்து நிமிடத்தில் கொட்டித் தீர்த்துவிடும். குடையைக் கட்டினால் காற்று பிடுங்கிக்கொண்டு போகும். தார்ப்பாயை மூடினால் கரி அணைந்து புகையும். மூட்டம் விலகியவுடன் சுற்றுலாப் பயணிகள் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். அடுப்போ மறுபடி கனல அரைமணி நேரமாகும். அந்த அரைமணி நேரம்தான் அன்றைய வியாபாரம்.

இந்தப் பிள்ளை உடைந்த குடைக் கம்பிகளையும் சைக்கிள் போக்குக் கம்பிகளையும் கொண்டு, ஒரு கையால் இழுத்தால் விரிந்து அடுப்பை மட்டும் மூடி, புகை வெளியேற ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும்படி ஒரு மூடாக்குச் செய்திருந்தார். முதலில் செய்தது காற்றில் புரண்டது. அடுத்தது தீப்பற்றிக்கொண்டது. மற்றொன்று அத்தாவின் முழங்கையில் இடித்தது. இப்படிப் பத்து முறை தவறி, பதினொன்றாவது முறை சரியாக வந்தது. மேசையில் இருக்கும் பதினொரு தாள்களும் அவைதாம்.

அந்நாளில் நாங்கள் செய்தது என்ன? இந்தத் தாள்களை அவர் காட்டியபோது சிரித்து ஒதுக்கினோம். நல்ல எண்ணத்தோடுதான், பைத்துல்மாலிலிருந்து பணம் எடுத்து, உயர்ந்த ரகத் தாளும் போஸ்டர் கலரும் வாங்கிக் கொடுத்தோம். நாட்காட்டிகளிலும் பத்திரிகைகளிலும் வந்த இருபது படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அவற்றைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னோம். அருவி, அன்னப் பறவை, பனிமலை, பூச்சாடி. அவரும் இரவு பகல் பாராது வரைந்தார். லேமினேட் செய்து, நீல அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் பொறித்துக் கட்டுவித்தோம். போதாக்குறைக்கு ஓர் அறிவுரையும் சொல்லி அனுப்பினோம்: “பெரிய இடம், அத்தா தள்ளுவண்டிக்காரர் என்பதையெல்லாம் அங்கே பேச வேண்டாம்.”

நேர்முகத்தில் மூவர் அமர்ந்திருந்தார்களாம். ஏட்டை நான்கு நிமிடத்தில் புரட்டி முடித்தார்கள். “இந்த அருவியை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டார்கள். வெள்ளியருவியைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் அவர் பேருந்தில் இறங்குகிறார். ஆனால் ஏட்டில் இருந்தது அயல்நாட்டு நாட்காட்டி அருவி. உண்மையைச் சொன்னார். “நீங்களாக எதையேனும் செய்ததுண்டா?” என்பது அடுத்த கேள்வி. நாங்கள் சொல்லி அனுப்பிய அறிவுரை அவர் வாயை அடைத்துவிட்டது. “இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அந்தக் கல்லூரியின் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்குரிய சரியான பதில் ஊரிலே, அடுப்பு மூட்டுவதற்கென்று ஒதுக்கிய தாள்களின் நடுவே கிடந்தது.

இனி விஷயத்திற்கு வருவோம். போர்ட்ஃபோலியோ என்று ஆங்கிலத்தில் வழங்கும் படைப்புத் தொகுப்பு என்பது அழகிய படங்களின் ஆல்பம் அன்று. ஒரு மாணவர் எதைக் கவனிக்கிறார், கவனித்ததிலிருந்து எப்படி யோசிக்கிறார், யோசித்ததைக் கையால் செய்து பார்த்து எங்கே தவறினார், தவறியபின் என்ன மாற்றினார் என்பவற்றுக்கான சான்றுகளின் கோவை அது. கல்லூரியார் தேடுவது கைதேர்ந்த ஓவியரை அல்லர். நான்காண்டுகள் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்ளக் கூடியவரை. முடிந்த படம் ஒன்றைக் காட்டினால் அது எப்படி முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. பதினொரு தாள்களைக் காட்டினால் தெரியும்.

நம் ஏரிக்கு அருகிலேயே 1901 முதல் இயங்கிவரும் பன்னாட்டுப் பள்ளி இருக்கிறது. அங்கே ஐ.பி. எனப்படும் உலகப் பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. அப்பாடத்திட்டத்தில் காட்சிக்கலையைப் பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கு, இறுதியாக முடித்த படைப்புகளுக்கு மட்டுமன்றி, அவை உருவான வழியைக் காட்டும் பக்கங்களுக்கும் மதிப்பெண் உண்டு. அதாவது அடித்துத் திருத்திய பக்கமும் அவர்களுக்குச் சொத்து. நம் பிள்ளைகளின் அடித்துத் திருத்திய பக்கங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போய்விடுகின்றன. அந்தப் பள்ளிச் சுவருக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள வேற்றுமை கட்டணத்தில் மட்டும் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கட்டணம் நம் கையில் இல்லை. தாளை எரிக்காமல் வைப்பது நம் கையில் இருக்கிறது.

டிசைன் என்றாலே துணிக்கடை பொம்மைக்கு உடுத்துவது என்றோர் எண்ணமும் நம்மிடையே உண்டு. 1958 ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தார்கள். அந்த அறிக்கையின் வழியிலேயே 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. நாடெங்கும் எத்தனையோ அரண்மனைகளையும் பட்டுகளையும் பார்த்த அவ்விருவரும் வியந்து நின்றது எதைக் கண்டு தெரியுமா? தண்ணீர்ச் செம்பைக் கண்டு. வடக்கே லோட்டா என்பார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையில் சுமப்பதா இடுப்பில் சுமப்பதா, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாய் இருக்கும்போதும் அதன் பாரம் எங்கே நிற்கிறது, ஊற்றும்போது நீர் எப்படி விழுகிறது, கழுவ எளிதா, விலை என்ன என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கி, தனி ஒருவராக அன்றித் தலைமுறை தலைமுறையாக மக்கள் சேர்ந்து வடித்த பொருள் அது என்ற முடிவுக்கு வந்தார்கள். உளூச் செய்யக் கெண்டியைக் கையில் எடுக்கும் நாம் இந்தக் கேள்விகளில் ஒன்றையேனும் கேட்டிருக்கிறோமா? இந்தக் கேள்விகளைக் கேட்கும் பிள்ளைதான் டிசைன் படிக்கத் தக்க பிள்ளை.

இதற்கு அண்மையில் கிடைத்த எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். நம் மக்தபில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் வகுப்பில் உதவியாக இருந்த ஒரு மாணவி, ரெஹல் பலகையைத் தம் தொகுப்புக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார். ஒரே மரப்பலகையைக் குறுக்கே இழைத்து, ஆணியோ கீலோ இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று பின்னி மடங்கும்படி செய்யப்படுவது ரெஹல். நாம் அன்றாடம் விரித்து மடக்கும் இப்பொருள் எவ்வளவு நுட்பமானது என்று அவர் படம் போட்டுக் காட்டியபின்தான் எங்களுக்கே தெரிந்தது. பெரியவர்களுக்கென்று செய்த ரெஹலில் ஆறு வயதுப் பிள்ளைகள் கழுத்தை நீட்டி ஓதுவதையும், சிலர் மண்டியிட்டு எழும்புவதையும் அவர் கவனித்திருக்கிறார். பிள்ளைகள் அமர்ந்த நிலையில் தரையிலிருந்து கண்ணுக்குள்ள உயரத்தை அளந்து எழுதினார். பழைய அட்டைப் பெட்டிகளில் ஏழு மாதிரிகள் வெட்டினார். மூன்று மாதிரிகள் பாரம் தாங்காமல் சரிந்தன. சரிந்தவற்றையும் புகைப்படம் எடுத்து, ஏன் சரிந்தன என்று இரண்டு வரி எழுதித் தொகுப்பில் சேர்த்தார். பெங்களூரிலுள்ள ஒரு கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. வேறொரு கல்லூரி ஏற்கவில்லை. இரண்டுக்கும் ஒரே தொகுப்பைத்தான் கொண்டு சென்றார். ஆகவே, இப்படிச் செய்தால் நிச்சயம் இடம் கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல இயலாது.

இங்கே ஒரு தயக்கத்தையும் மறைக்காமல் பேசிவிட வேண்டும். உருவம் வரைவது பற்றி மார்க்கத்தில் உள்ள பேணுதல் காரணமாகப் பல பெற்றோர்கள் இப்படிப்பையே அஞ்சி ஒதுக்குகிறார்கள். இதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் தகுதியுடையவர்கள் அல்லர். அது ஆலிம்களின் பொறுப்பு. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே: பொருள்கள், கட்டடங்கள், செடிகொடிகள், எழுத்துகள், கோல வடிவங்கள், கருவிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டே ஒரு நிறைவான தொகுப்பைச் செய்துவிட முடியும். ஆனால் சில நுழைவுத் தேர்வுகளில் மனிதர்கள் இடம்பெறும் காட்சியை வரையச் சொல்வதும் உண்டு. தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளை தடுமாறக் கூடாது. பெற்றோர்களும் பிள்ளையும் ஹஜ்ரத் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்து, ஒரு முடிவோடு போகட்டும். மேலே சொன்ன மாணவி அளவுக்குறிப்புக் காட்டக் கைகளையும் அமரும் நிலையையும் கோடுகளாக மட்டுமே வரைந்தார். அது போதுமானதாக இருந்தது.

“எங்கள் பிள்ளைக்கு வரைய என்ன இருக்கிறது?” என்று கேட்கும் பெற்றோர்கள் கொஞ்சம் ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். இரவில் காட்டெருமைகள் தெருவுக்குள் வந்து குப்பைத் தொட்டியைப் புரட்டுகின்றன. பகலில் குரங்குகள் அதையே திறக்கின்றன. காட்டெருமை சாய்க்க முடியாத, குரங்கு திறக்க முடியாத, எழுபது வயது மூதாட்டி மட்டும் எளிதில் திறக்கக் கூடிய தொட்டி எப்படி இருக்கும்? இது பெரிய நிறுவனங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. நம் பிள்ளை அதை அட்டையில் வெட்டிப் பார்க்கலாம். 2024 ஆம் ஆண்டு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு இங்கே 20 ரூபாய் பசுமை வரி விதிக்கப்பட்டது. புட்டி இல்லாமல் வரும் பயணிக்கு ஒரு சிறு கடைக்காரர் எப்படித் தண்ணீர் கொடுப்பது? அதே ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தபோது, கைப்பேசி பார்க்கத் தெரியாத எத்தனை பேர் சோதனைச் சாவடியில் விழித்து நின்றார்கள்! ஒரு தெளிவான அறிவிப்புப் பலகையை எழுத்தும் படமுமாக வடிப்பது முழுமையான ஒரு டிசைன் பணியாகும்.

வெள்ளகவி போன்ற சிற்றூர்களுக்கு மோட்டார் வண்டி போகாத காலமெல்லாம் குதிரைகளே பொதி சுமந்தன. அந்தப் பொதியை இருபுறமும் சமமாகக் கட்டும் முறையையும், சேணத்துக்கு அடியில் வைக்கும் மெத்தையையும் பார்த்து வரைந்தவர் நம்மில் யாராவது உண்டா? பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்றும் அதைச் சாதாரணப் பையில்தான் கட்டி விற்கிறோம். அதற்கு ஓர் உறை வடிக்கலாம். குறிஞ்சி 2018 இல் பூத்தது. இனி 2030 இல் பூக்கும். அதுவரை பூ இல்லாத குறிஞ்சிச் செடியைத்தான் பார்க்க முடியும் என்பது ஒரு குறையன்று. இலை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்குப் பூ இடைஞ்சல்.

கீழே இறங்கினாலும் பஞ்சமில்லை. கையாலேயே செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு வந்தது. ஒரு மாங்காய்ப் பூட்டின் வடிவத்தையும் சாவி திரும்பும் விதத்தையும் வரைந்து விளக்குவது எந்த நடுவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். நெல்லைச் சீமையின் பத்தமடைப் பாய் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் காலங்காலமாக நெய்து வருவது. கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, பட்டுபோல் மடியும் பாயாக்கும் அந்தக் கைகள் டிசைன் என்ற சொல்லைக் கேட்டதில்லை. நம் பாட்டிமார் வைத்திருக்கும் அரபுத் தமிழ்க் கிதாபுகளை எடுத்துப் பாருங்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளையும் கோடுகளையும் சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டார்கள். இன்று எழுத்துரு வடிவமைப்பு என்பது தனித் துறை. அந்த எழுத்துகளைப் பெரிதாக்கி வரைந்து, எந்தப் புள்ளி எதற்கு என்று பாட்டியாரிடம் கேட்டு எழுதி ஆறு பக்கம் செய்யும் பிள்ளைக்கு ஈடாக வேறு யார் வர முடியும்? இதைக் கேட்டு எழுதப் பாட்டிமார் இருக்கும்போதே முந்திக்கொள்ள வேண்டும்.

எந்தக் கல்லூரி எதைக் கேட்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அரசின் பெரிய நிறுவனங்களில் இளநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் தொகுப்பு கேட்பதில்லை, தேர்வுதான். ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். படிப்புக்கு 2015 முதல் யூசீட் என்னும் தேர்வு நடைபெறுகிறது. அதில் கையால் வரையும் பகுதியும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட் நிறுவனத்தில் கொடுத்த பொருள்களைக் கொண்டு மாதிரி செய்து காட்டும் தேர்வு உண்டு. சென்னையில் 1850 இல் தோன்றிய அரசு கவின் கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் கல்லூரியிலும் வரைதிறன் தேர்வு. தனியார் வடிவமைப்புக் கல்லூரிகள் பலவும், முதுநிலைப் படிப்பு நேர்முகங்களும், சிங்கப்பூரின் லாசால் போன்ற அயல்நாட்டுக் கல்லூரிகளும் தொகுப்பைக் கேட்கின்றன. தொகுப்பு கேட்காத இடத்திலும், தொகுப்புக்காக இரண்டாண்டு நோட்டில் வரைந்து பழகிய கைதான் தேர்வில் ஓடும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. சென்ற ஆண்டு போனவரிடம் கேட்டுவிட்டு இருந்துவிடாமல், அந்தந்த ஆண்டு அறிவிக்கையை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

விண்ணப்பங்களும் தேர்வுகளும் பெரும்பாலும் அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வருகின்றன. நமக்கு அது மழையும் பனியும் சேர்ந்த காலம். வண்ணம் காயாது, அடுப்பருகில் காட்டினால் தாள் சுருண்டுகொள்ளும், இரும்பு பீரோவில் பூட்டி வைத்த ஏட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே, பதினொன்றாம் வகுப்புக் கோடை சீசனிலேயே தொடங்கிவிட வேண்டும். கடையில் உதவும் பிள்ளைகளுக்கு அதுவே கவனிப்பதற்கும் உகந்த காலம். வரைந்தவற்றை நல்ல வெயில் நாட்களில் உலர்த்தி, உடனுக்குடன் புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும். புகைப்படத்துக்கு நம் மூட்டம் பெரிய உதவி. மூட்டமான காலையில் ஜன்னலோரம் வைத்து எடுத்தால் நிழல் விழாது; ஃபிளாஷ் போட்டால் பளபளத்துக் கெட்டுவிடும். தாளுக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் சதுரம் கோணலாகும்.

கையில் நாற்பது படைப்புகள் இருந்தாலும் நாற்பதையும் காட்டத் தேவையில்லை. கல்லூரி எண்ணிக்கை சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. சொல்லாவிடில் 12 முதல் 20 வரை போதும். மிக நல்லதை முதலில் வையுங்கள், அதற்கு அடுத்ததைக் கடைசியில் வையுங்கள் என்பார்கள். அது சரியான யோசனைதான். ஒரு பொருளைப் பற்றிய பக்கங்கள் பிரியாமல் தொடர்ந்து வரட்டும்: முதலில் கண்ட குறை, பிறகு அளவுகள், பிறகு முயற்சிகள், பிறகு முடிவு. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. எதனால் செய்தது, எவ்வளவு பெரியது, எப்போது செய்தது, ஏன் செய்தது. பொன்னெழுத்து வேண்டாம், ஜரிகை வேண்டாம், பக்கந்தோறும் பூக்கரை வேண்டாம். எல்லாப் பக்கமும் ஏ3 போன்ற ஒரே அளவில் இருந்தால் புரட்ட எளிது. ரசீதுத் தாளில் வரைந்ததை நல்ல தாளில் மறுபடி வரையாதீர்கள். அந்தத் தாளையே வெள்ளைத் தாளில் ஒட்டிவிடுங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் இருக்கட்டும். இணையத்தில் அனுப்பும்போது கேட்கப்பட்ட அளவுக்குள் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, வேறொருவர் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்று கணினியிடம் ஒரு வரி எழுதிக் கேட்டால் அதுவே நொடியில் படம் வரைந்து கொடுக்கிறது. எனவே முடிந்த படத்தின் பளபளப்பு முன்னைவிடவும் மதிப்பிழந்துவிட்டது. அது எப்படி உருவானது என்று கேட்பது கூடியிருக்கிறது. யாருடைய உதவி எதில் இருந்தாலும், அது அண்ணனுடையதாயினும் ஆசாரியுடையதாயினும் கணினியுடையதாயினும், மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. நேர்முகத்தில் அடுத்த கேள்வி அதைப் பற்றியே வரும்.

பேசுவதைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலம் வராதே என்ற பயத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பத்து வரிகளை ஒப்பித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். தடுமாறிய ஆங்கிலத்தில் தன் பொருளைத் தொட்டுக் காட்டிப் பேசுபவர், மனப்பாடம் செய்தவரைவிட நன்றாகப் புரியவைக்கிறார். போவதற்கு முன் வீட்டிலே நடத்திப் பாருங்கள். அத்தாவும் அம்மாவும் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் “இதை ஏன் செய்தாய்?” என்று மட்டும் கேளுங்கள். பெற்றோர்களுக்கு டிசைன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாதவருக்குப் புரியும்படி சொல்வதுதான் பயிற்சியே. தொழிலைக் கேட்டால் தொழிலைச் சொல்லட்டும். சோளம் சுடுவதும், கறிக்கடை வைத்திருப்பதும், குதிரை ஓட்டுவதும், விடுதியில் அறை கூட்டுவதும் ஹலாலான உழைப்பு. அவற்றை மறைக்கச் சொல்லி அனுப்பிய தவறு எங்களோடு போகட்டும்.

பெருந்தொகை பெற்றுக்கொண்டு தொகுப்பைத் தயாரித்துத் தருவதாகச் சொல்லும் பயிற்சி நிலையங்கள் பெருநகரங்களில் உண்டு. வரையும் பயிற்சி பெறுவதில் தவறில்லை. ஆனால் ஒரே நிலையத்திலிருந்து போகும் முப்பது பேரின் ஏடும் ஒரே மாதிரி இருந்தால், பார்ப்பவர்களுக்கு முதல் மூன்றிலேயே விளங்கிவிடும். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால் முதல் பருவக் கட்டணத்துக்கு உதவும். கட்டணம் பெரிது என்பதை மறைக்கவில்லை. நாம் சொன்ன மாணவியே இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குத் திண்டாடியபோது பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனாவாக ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. மீதிக்கு அவருடைய தாயார் நகையை விற்றார். இடம் கிடைத்தபின் ஓடாமல், விண்ணப்பிக்கும்போதே கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் உண்டா என்று கல்லூரியிடம் எழுதிக் கேளுங்கள். அதன் நகலைக் குழுவுக்கும் கொடுங்கள். நிர்வாகக் குழுவிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள், அடுத்த ஆண்டு வரவு செலவில் இதற்கென ஒரு தலைப்பை ஒதுக்கித் தர வேண்டும் என்பதே. பரிசுக் கோப்பைகளுக்கு ஆகும் செலவில் பாதி போதும்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும், வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மாடி அறைக்கு வந்து கோடில்லாத நோட்டு ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான்: பக்கம் கிழிக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து நோட்டைப் பார்ப்போம். பக்கங்களை எண்ணியே பார்ப்போம். படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கமாட்டோம்.

இந்தப் பதினொரு தாள்களுக்கும் உரியவர் அதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். பாலிடெக்னிக் முடித்து இப்போது சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஏரிக்கரையில் அவர் செய்த மூடாக்குப் போட்ட வண்டிகள் இன்று நான்கு நிற்கின்றன. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருக்க இசைந்திருக்கிறார். மேசைக்கு வந்து தாள்களைப் பாருங்கள்; சந்தேகங்களை அவரிடமே கேளுங்கள். தேநீருக்குப் பிறகு பார்ப்பவர்கள் தயவுசெய்து கையைத் துடைத்துவிட்டுத் தொடவும். ஏழாவது தாளின் மடிப்பு கிழியும் நிலையில் இருக்கிறது.